பாலைவனத்தின் தரை

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லெபோ சூலியாவிலும் அதைச் சுற்றியும், மக்காவுக்கான உம்ரா புனிதப் பயணத்தை ஏற்பாடு செய்யும் முகவர் கடைகளில் பெரும்பாலும் ஒரே படம்தான் ஒட்டியிருக்கும். பொன்னிற மணல்மேடு, அதன் முகட்டில் வரிசையாகப் போகும் ஒட்டகங்கள், பின்னால் சிவந்த சூரியன். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மதினாவிலிருந்து மக்காவுக்குச் சாலை வழியே போகிறவர், வழிநெடுக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காட்சியைக் காணப்போவதில்லை. அவர் காண்பது கல். கறுத்த கல், சாம்பல் நிறக் கல், துரு நிறக் கல். கல் உடைந்து சரிந்து கிடக்கும் மலையடிவாரங்கள், அடிவாரம் முடியும் இடத்தில் பரல் என்னும் சிறுகல் பரவிய வெளி, அந்த வெளியின் குறுக்கே நீரில்லாத அகலமான ஆறுகள்.

எனக்குத் தொழில் மண். பட்டர்வர்த்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில், கட்டடம் எழும்பப்போகும் இடங்களிலிருந்து துளையிட்டு எடுத்து வரும் மாதிரிகளைச் சல்லடையில் சலித்து, நிறுத்து, எழுதி வைப்பது வேலை. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். பாலைவனத்தின் தரை எதனால் ஆனது என்று ஒருவர் கேட்டால் என் பதில் இதுதான்: பாறையை மூடி மறைக்க எதுவும் இல்லாத நிலம் அது. அந்தப் பாறையை அறுத்ததிலும் உடைத்ததிலும் பரப்பியதிலும் பெரும்பங்கு தண்ணீருடையது. இந்த இரண்டாவது செய்திதான் பலருக்கும் வியப்பாக இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உலகப் பாலைவனங்களில் மணல் மூடிய பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சகாரா ஏறக்குறைய 92 லட்சம் சதுர கிலோமீட்டர்; அதில்கூட மணற்காடு கால்பங்கைத் தாண்டாது. மீதியெல்லாம் ஹமாதா எனப்படும் மொட்டைப் பாறைப் பீடபூமி, ரெக் எனப்படும் பரல் வெளி, உப்புப் படுகை, மலை. சாட் நாட்டின் வடக்கே திபெஸ்தி மலைத்தொடரில் எமி கூஸ்ஸி என்ற எரிமலை 3,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பினாங்கில் நம் கொடிமலை 833 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் பாலைவனங்களில் மணல் நூற்றில் இரண்டு பங்கு தேறினால் அதிகம். அரேபியாவில் மணல் கூடுதல். ரூப் அல் காலி மட்டுமே சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர், மலேசியாவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. உலகிலேயே தொடர்ச்சியாகப் பரந்து கிடக்கும் மிகப் பெரிய மணற்கடல் அது. ஆயினும் அரேபியாவிலும் மணல் மூடாத நிலமே அதிகம்.

பாலைவனத்துக்கு இலக்கணம் மணலோ வெயிலோ இல்லை, மழைக் குறைவு. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். அந்தக் கணக்கின்படி உலகின் ஆகப் பெரிய பாலைவனம் அண்டார்டிகா. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. இந்த மழைதான் நம் தரையை நம் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருக்கிறது.

உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் சென்றபோது மதினாவிலிருந்து பஸ்ஸில்தான் போனோம். ஊரைத் தாண்டியதும் உம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மணல் எங்கே வாப்பா? எல்லாம் எரிந்துபோன கல்லாக இருக்கிறதே!" என்று கேட்டார்கள். பெற்ற மகனையும் வாப்பா என்று செல்லமாக அழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை. அது எரிந்த கல்தான்.

மதினாவின் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறது. ஹர்ரத் ரஹத் என்று பெயர். அரபியர் இத்தகைய கறுப்பு எரிமலைக் கல் வெளிகளை ஹர்ரா என்பார்கள். அரேபியாவின் மேற்குப் பகுதியில் இவை பல உண்டு. செங்கடல் பிளந்து விரியத் தொடங்கிய பின் பூமியின் உள்ளிருந்து கசிந்து மேலேறிய பசால்ட் பாறை இது. கடைசியாகப் பொங்கியது 1256ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 654இல். 52 நாள் எரிந்தது. குழம்பு 23 கிலோமீட்டர் தூரம் ஓடி, அன்றைய மதினா நகருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் முன்னால் நின்றுவிட்டது.

இந்தக் கறுப்புக் கல் வரலாற்றிலும் தன் வேலையைச் செய்திருக்கிறது. மதினாவின் கிழக்கிலும் மேற்கிலும் ஹர்ராக்கள் இருக்கின்றன. குதிரையின் குளம்பைக் கிழிக்கும் கூர்மையான கல் அது. படை அதன் வழியே பாய்ந்து வர முடியாது. 627ஆம் ஆண்டு, மக்காப் படை மதினாவை முற்றுகையிட்ட அகழ்ப் போரின்போது, பெருமானார் முஹம்மது நபி நகரைச் சுற்றி முழுவதும் அகழ் வெட்டச் சொல்லவில்லை. திறந்து கிடந்த வடக்குப் பக்கத்தில் மட்டும் வெட்டினார்கள். மற்றப் பக்கங்களைக் கல்வெளியும் தோட்டங்களும் வீடுகளும் காத்துக்கொண்டன. சிறு வயதில் கப்பித்தான் பள்ளிவாசல் மதரஸாவில் அந்தப் போரைப் பாடமாகப் படித்தபோது, ஏன் ஒரு பக்கம் மட்டும் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை. தரையைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது.

எரிமலைக் கல்லைத் தாண்டினால் வருவது அரேபியக் கேடயம் என்று நிலவியலார் அழைக்கும் மிகப் பழைய பாறை. மக்காவைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் அதைச் சேர்ந்தவை. கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும். பெரும்பாலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. ஒரு புல்கூட இல்லாத அந்த மலைகளைப் பார்க்கும்போது எனக்குப் பினாங்கு நினைவுக்கு வந்தது. காரணம், நம் தீவும் கிரானைட்தான். தண்ணீர்மலை முருகன் கோயில் நிற்கும் குன்றும் கொடிமலையும் அதே வகைப் பாறை. வயதில் மக்காப் பாறையைவிடப் பாதிகூட இருக்காது, அவ்வளவுதான். பின் ஏன் இரண்டு ஊரும் இத்தனை வேறாகத் தெரிகின்றன?

கிரானைட்டில் முக்கியமாக இரண்டு கனிமங்கள்: ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இலேசான அமிலமாகப் பாறைக்குள் இறங்கும்போது ஃபெல்ட்ஸ்பார் தாங்காது. மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் அசையாது, மணலாக மிஞ்சும். கருநிறக் கனிமங்களில் உள்ள இரும்பு துருப்பிடித்து எல்லாவற்றுக்கும் செந்நிறம் ஏற்றும். பினாங்கு மலைச்சரிவில் துளையிட்டால் பல மீட்டர் ஆழம் வரை இந்தச் செம்மண்தான் வரும். பாறையாக இருந்த காலத்துப் புள்ளிகளும் கோடுகளும் அப்படியே தெரியும், ஆனால் விரலால் அழுத்தினால் உதிரும். நடுநடுவே இன்னும் மட்காத உருண்டைப் பாறை ஒன்று கிடக்கும். மேலே காடு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. காட்டை நீக்கிச் சரிவை வெட்டினால் என்ன ஆகும் என்பதை 2017 அக்டோபரில் பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் 11 தொழிலாளர்களைப் புதைத்த மண்சரிவு காட்டியது. அந்த வாரம் முழுக்க எங்கள் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மக்காவில் இந்த மட்குதல் மிக மெதுவாக நடக்கிறது. மழை போதாது. உருவாகும் கொஞ்ச மண்ணையும் பிடித்து வைக்க வேர் இல்லை. அதனால் பாறை பாறையாகவே நிற்கிறது.

அங்கே பாறையை உடைப்பது எது? பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி விரித்துச் சுருக்கி உடைக்கின்றன என்று பள்ளிப் பாடம் சொல்லும். 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர் அதைச் சோதித்தார். மெருகேற்றிய கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கிக் குளிர வைத்தார். நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் 244 ஆண்டுகளுக்குச் சமம். காய்ந்த நிலையில் கல்லில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் ஏதுமில்லை. குளிரவைக்கும்போது தண்ணீர் தெளித்துச் செய்தபோது, மிகக் குறைந்த சுற்றுகளிலேயே மெருகு போய் விரிசல் கண்டது. வெயிலுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பெரிய பாறைகளில் சூரியனின் போக்கை ஒட்டி விரிசல்கள் அமைவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வெயில் தனியாக அதிகம் சாதிப்பதில்லை. இரவுப் பனி, எப்போதோ வரும் தூறல், அந்த ஈரத்தில் கரைந்து விரிசலுக்குள் புகுந்து மறுபடி படிகமாக வளர்ந்து கல்லை நெம்பும் உப்பு ஆகியவை துணை சேர வேண்டும். பாலைவனத்துக் கல்லை உடைக்கவும் தண்ணீர் தேவை.

உடைந்ததைக் கொண்டு போவதும் தண்ணீர்தான். செடியும் மண்ணும் இல்லாத சரிவில் மழை விழுந்தால் ஊறுவதற்கு இடம் கிடையாது. விழுந்த நீர் அத்தனையும் ஒரே நேரத்தில் வாதி என்கிற காட்டாற்றில் இறங்கும். 2009 நவம்பரில், மக்காவுக்கு அருகிலுள்ள துறைமுக நகரான ஜித்தாவில் நான்கு மணி நேரத்தில் சுமார் 90 மில்லிமீட்டர் பெய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பினாங்கில் ஒரு மாலை மழைக்கு அந்த அளவு வருவது புதிதில்லை. வேறுபாடு மழையில் இல்லை, தரையில் இருக்கிறது. மக்கா நகரமே வாதி இப்ராஹீம் என்ற பள்ளத்தாக்கின் அடியில் அமைந்தது. 1941 வெள்ளத்தில் கஅபாவை நீந்தியபடியே வலம் வந்து தவாப் செய்தவர்களின் புகைப்படம் இன்றும் பலர் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டுமே ஓடும் ஆறு, பல்லாயிரம் ஆண்டுகளில் மலையையே அறுத்துப் பள்ளத்தாக்காக்கிவிடுகிறது. அறுத்ததை மலை முடியும் இடத்தில் விசிறி வடிவில் கொட்டி வைக்கிறது. பஸ் ஜன்னலில் தெரியும் சரிந்த பரல் வெளிகளில் பெரும்பாலானவை அப்படிக் கொட்டியவைதான்.

கஅபாவுக்கு அருகிலுள்ள புனித ஸம்ஸம் கிணற்றைத் தொழில் கண்ணோடு பார்த்தால் இதே கதைதான். கிணற்றின் ஆழம் சுமார் 30 மீட்டர். மேலே 13 மீட்டருக்குச் சற்று அதிகமாக, காட்டாறு கொண்டு வந்து சேர்த்த மணலும் பரலும். அதற்குக் கீழே பாறை. இரண்டும் சேரும் இடத்தில் அரை மீட்டர் அளவுக்கு மட்கிய பாறை. நீர் சுரக்கும் முக்கிய இடம் அது. மலையில் விழுந்த மழை பரலுக்குள் இறங்கி, வெயில் படாமல் தங்கி, கிணற்றை நிரப்புகிறது. கிணற்றின் பெருமையை இந்த விவரம் குறைக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நீரைக் கையில் ஏந்தும்போது நன்றி கூடியதே தவிரக் குறையவில்லை.

பரலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் மிகுதியாகக் காணும் தரை அதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். கல்லுக்குக் கல் நெருக்கமாகப் பதித்து வைத்ததுபோல் மைல் கணக்கில் கிடக்கும். காற்று பொடியை வாரிக்கொண்டு போக, கல் மட்டும் மிஞ்சியது என்றே நெடுங்காலம் விளக்கினார்கள். சில இடங்களுக்கு அது பொருந்தும். ஆனால் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், சீமா எரிமலை வெளியில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் கண்டன. அங்கே காற்று கொண்டு வந்த நுண்தூசி கற்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிச் சேர்கிறது. சேரச் சேரக் கற்கள் மேலேயே தங்கி, தரையோடு சேர்ந்து உயர்கின்றன. காலடியில் கிடக்கும் கல் பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலைப் பார்த்தபடியே மேலெழுந்திருக்கிறது. ஒரு வண்டித் தடம் அதைக் கலைத்துவிட்டால் மனித ஆயுளுக்குள் அது ஆறாது.

அப்படி நெடுங்காலம் வெயிலில் கிடந்த கல்லின் மேல் கருமையான ஒரு மினுமினுப்பு ஏறும். மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் கலந்த, தலைமுடியைவிட மெல்லிய பூச்சு. ஏறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைக் கொத்தினால் உள்ளே வெளிர் நிறக் கல் தெரியும். வட சவூதியில் ஹாயில் பகுதியின் ஜுப்பா, ஷுவைமிஸ் பாறைகளில் பழங்கால மக்கள் அப்படித்தான் மாடுகளையும் சிங்கங்களையும் செதுக்கினார்கள். 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்த மாடுகள் மேய்ந்த புல்வெளி எங்கே போனது என்ற கேள்விக்கும் தரையே பதில் சொல்கிறது. நெஃபூத் மணற்காட்டில் அலாதர் என்ற பழைய ஏரிப் படுகையில் மனிதர், யானை, ஒட்டகம் ஆகியவற்றின் காலடித் தடங்கள் கிடைத்த செய்தி 2020இல் வெளியானது; சுமார் 1,20,000 ஆண்டுப் பழமை. ரூப் அல் காலியின் ஓரத்தில் முந்தஃபான் என்ற வற்றிய ஏரியில் நீர்யானையின் எலும்பு கிடைத்திருக்கிறது. மழைக்காற்று வடக்கே ஏறியும் இறங்கியும் மாறியபோதெல்லாம் அரேபியா பச்சையாகவும் வறண்டும் மாறியது.

நம் முன்னோர் நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்தபோது, அவற்றுள் ஒன்றான பாலைக்கு மட்டும் தனியாக ஒரு நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். சங்கப் பாடல்களில் பாலை வழி நடப்பவரின் காலைச் சுடுவதும் பெரும்பாலும் பரற்கல்லே. பாலையை ஒரு நிலத்தின் நிலைமாற்றமாகப் பார்த்த அந்தப் பார்வை, அரேபியாவின் ஏரிப் படுகைகளோடு எத்தனை நன்றாகப் பொருந்துகிறது என்று நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சி.

இனி மணல். சுளகில் புடைக்கும்போது உமி பறந்து, நொய் ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் ஒதுங்குவதைப் போல, காட்டாறு கொட்டியதைக் காற்று பிரிக்கிறது. தூசி நாடு விட்டு நாடு பறக்கும். பரல் அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் நடுப்பட்ட மணல் மட்டும் துள்ளித் துள்ளி நகரும். ஒரு மணி விழுந்து அடுத்ததை எழுப்பும் இந்தத் துள்ளலை, எகிப்து, லிபியப் பாலைவனங்களில் கார் ஓட்டித் திரிந்த ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காற்றுக் குழாயில் அளந்து 1941இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலான மணிகள் முழங்கால் உயரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. காற்று வேகம் இழக்கும் பள்ளங்களில் மணல் சேர்ந்து மேடாகும். ஏறக்குறைய 34 பாகைச் சாய்வைத் தாண்டினால் சரிந்துவிடும். இதனால்தான் மணற்கடல்கள் பெரும்பாலும் தாழ்ந்த படுகைகளில் இருக்கின்றன. மக்காவும் மதினாவும் இருக்கும் மலைப்பாங்கான ஹிஜாஸ் பகுதியில் இல்லை.

மணல்மேடு இருந்தால் அது பாலைவனம் என்றும் சொல்ல முடியாது. வாப்பாவின் ஊர் காயல்பட்டினம். அதன் பக்கத்தில் குதிரைமொழித் தேரி இருக்கிறது. குருதி நிறத்தில் மைல் கணக்கில் மணல். ஒவ்வொரு மணல்மணியின் மேலும் இரும்புத் துருவின் பூச்சு, அதனால் அந்த நிறம். ஆனால் அங்கே பனை நிற்கிறது, முருங்கை காய்க்கிறது, மழையும் பாலைவன அளவைத் தாண்டிப் பெய்கிறது. மணலும் எல்லா இடத்திலும் குவார்ட்ஸ் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் மேடுகள் முழுக்க ஜிப்சம். வற்றும் ஏரியிலிருந்து பிறந்து வெள்ளை வெளேரென்று குவிந்தவை.

காற்று உருட்டிய மணல் என் சல்லடைக்கு வந்தால் உடனே தெரியும். எல்லா மணியும் ஒரே அளவு, முனை மழுங்கியது. அழுத்திக் கெட்டிப்படுத்தினாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. துபாயின் பாம் ஜுமைரா தீவைக் கட்ட, கண்ணுக்கெட்டிய தூரம் பாலை மணல் இருந்தும், 9 கோடி கன மீட்டருக்கு மேல் கடலடி மணலைத் தோண்டி எடுத்தது இதனால்தான்.

பறந்து போன தூசிக்கும் ஒரு பெரிய வேலை இருக்கிறது. சாட் நாட்டில் போதெலே என்ற பள்ளம், ஒரு காலத்தில் பரந்து கிடந்த மாபெரும் ஏரியின் அடித்தளம். அங்கிருந்து எழும் வெண்தூசி, ஏரியில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடு. சகாராவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் தூசி அமேசான் காட்டில் இறங்குவதாகவும், அதோடு சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் போய்ச் சேர்வதாகவும் நாசா செயற்கைக்கோள் தரவை வைத்து 2015இல் கணித்தார்கள். மழை நாள்தோறும் கரைத்துக்கொண்டு போகும் சத்தை ஒரு செத்த ஏரி ஈடுகட்டுகிறது.

உயிருள்ள தரையும் உண்டு. பல பாலைவனங்களில் மண்ணின் மேல் மெல்லிய கருந்தோல் போலத் தெரிவது நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் கற்பாசியும் பின்னிய படலம். அது மண்ணைக் கட்டி வைக்கிறது, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. ஒரு செருப்புத் தடத்தின் காயம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பாலைவனத்தில் வழியை விட்டு விலகி நடக்காதீர்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வதை மதிக்க வேண்டும்.

இந்த ஆண்டு உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2018இல் தொடங்கிய ஹரமைன் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஜித்தா வழியாகக் கொண்டு சேர்க்கும். வயதானவர்களுக்கு அதுவே நல்லது. முடிந்தவர்கள் ஒரு வழியாவது பஸ்ஸில் வாருங்கள், பகலில் வாருங்கள். மதினாவிலிருந்து தெற்கே கிளம்பும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஹர்ரத் ரஹத் அந்தப் பக்கம்தான். மக்கா நெருங்கும்போது சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் பாருங்கள், கிரானைட்டின் உட்புறம் இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். பாலத்தைக் கடக்கும்போது கீழே பாருங்கள். நீர் இருக்காது. கல் உருண்டையாகக் கிடந்தால் வெள்ளம் வெகுதூரம் உருட்டி வந்தது என்று பொருள். கூராகக் கிடந்தால், பக்கத்து மலையிலிருந்து அண்மையில் இறங்கியது.